பந்திக்கு முன் பாடும் வெள்ளைக்காரம்மா

1

வைகாசி பிறந்துவிட்டால் உங்களுக்கெல்லாம் கல்யாணம், வெயில், சாம்பாரில் உப்பில்லை என்ற புகார் என்று பொழுது நன்றாகப் போகும். எனக்கு வைகாசி என்பது தம்பி போனில் அனுப்பும் கல்யாணப் பத்திரிகைப் படங்கள்தான். ராஜபாளையத்தை விட்டு இங்கிலாந்துக்கு வந்து இந்த வைகாசியோடு பதினெட்டு வருஷம். வடக்கே, காற்று ஓயாத ஒரு கடலோர ஊரில், முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். நல்ல வேலை. முதுகுதான் அவ்வப்போது வேண்டாம் என்கிறது, நான் கேட்பதில்லை.

போன தை மாதத்தில் ஒருநாள் ஐரிஸுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். தொண்ணூறைத் தாண்டியவர், எங்கள் இல்லத்துக்கு அப்போதுதான் வந்திருந்தார். ஊரில் இந்த வயதுக்காரரை நான் பேர் சொல்லிக் கூப்பிட்டால் என் அம்மா வாயிலேயே போடுவாள். இங்கே பேர் சொல்லாவிட்டால்தான் குற்றம். முதல் வாரம் வாய்தவறி அம்மா என்றேன். தனக்குப் பிள்ளைகள் கிடையாது, இந்த வயதில் புதிதாக ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இன்னொரு நாள் வேலை முடிந்து கிளம்பும்போது, நம் வழக்கப்படி போய்விட்டு வருகிறேன் என்பதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லித் தொலைத்தேன். நான் வருவேன் என்று அவர் தூங்காமல் உட்கார்ந்திருந்திருக்கிறார். மறுநாள் மேலாளரிடம் என்மேல் புகார். இப்படித்தான் எங்கள் பழக்கம் ஆரம்பித்தது.

அன்று குளியலறையில் அவர் மெல்ல ஒரு பாட்டை முணுமுணுத்தார். என் கை அப்படியே நின்றுவிட்டது. மூக்கில் நெய்யும் ஏலக்காயும் மணந்தது. கட்டிக்கொள்ள நல்ல சேலை எங்கே இருக்கிறது என்று மனசு பெட்டியைத் துழாவியது. சிரிக்காதீர்கள். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் என் வயதுக்காரர் யாராக இருந்தாலும் அந்த மெட்டைக் கேட்டால் அப்படித்தான் ஆகும். கல்யாண வீட்டில் மைக் செட் கட்டி முடித்ததும் முதலில் போடும் வெள்ளைக்காரம்மா பாட்டு அது.

அது யார் பாட்டு என்று கேட்டேன். கண்ணில் சோப்பு போகிறது, முதலில் தண்ணீரை ஊற்று என்றார். ஊற்றினேன். பிறகு சொன்னார்: "என் பாட்டு."

2

அப்பா ராஜபாளையத்தில் மைக் செட் வைத்திருந்தார். நாங்கள் வேதக்காரக் குடும்பம், அதாவது கிறிஸ்தவர்கள். கோவில் கொடை, காதுகுத்து, சபைக் கூட்டம், கட்சிக் கூட்டம் என்று யார் கூப்பிட்டாலும் அப்பா போவார். ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. குழாய் ஸ்பீக்கரை மரத்தில் ஏற்றியதும் சத்தம் சரியாக வருகிறதா என்று பார்க்க ஏதாவது ஒரு ரெக்கார்டு போட்டாக வேண்டும். இந்து வீட்டில் முதல் பாட்டு பிள்ளையார் பாட்டாகத்தான் இருக்க வேண்டும். அதைப் போட்டுப் பாதியில் நிறுத்தினால் அபசகுனம் என்பார்கள். எங்கள் பாட்டை அங்கே போட முடியாது. சினிமாப் பாட்டு என்றால் எந்த நடிகர் பாட்டு என்பதில் மாப்பிள்ளை வீட்டுக்கும் பெண் வீட்டுக்கும் சண்டை வரும்.

மதுரையில் பழைய சாமான் கடையில் கிராமபோன் வாங்கியபோது கூடவே ஒரு இங்கிலீஷ் ரெக்கார்டு வந்திருந்தது. நடுவில் ஒட்டியிருந்த தாள் கிழிந்து, பேர் ஒன்றும் தெரியாது. அப்பா அதைச் சோதனைக்கு வைத்துக்கொண்டார். யாருக்கும் புரியாத பாட்டு, அதனால் யாருக்கும் கோபம் வராது என்பது அவர் கணக்கு. அதைப் போட்டுக் குழாயைத் திருப்பி, ஒயரை ஆட்டி, எல்லாம் சரியானதும் அந்த வீட்டு முறைப்படி உரிய பாட்டைப் போடுவார்.

நம் ஆட்கள் இதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் தெரியுமா? வெள்ளைக்காரம்மா குரல் கேட்டால் கல்யாண வீடு தயார், கிளம்பலாம் என்று அர்த்தம். செட்டியார்பட்டியில் வயலில் நின்றவர்கள் அதைக் கேட்டுவிட்டுக் கை கழுவினார்கள். பெண்கள் பூ வைத்துக்கொண்டார்கள். அந்தப் பாட்டு முடியாமல் பந்தியில் இலை போடக்கூடாது என்பது, யாரும் சொல்லாமலே ஒரு முறையாகிவிட்டது. ஒருமுறை அப்பா அவசரத்தில் அதைப் போடாமல் விட்டார். சம்பந்தி வீட்டார் சாப்பிட உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார்களாம்.

கான்சாபுரத்தில் ஒரு கல்யாணத்தில் ஆடு ஒன்று வந்து மேஜையை முட்டி, ரெக்கார்டில் கீறல் விழுந்தது. அதற்குப் பிறகு பாட்டின் நடுவில் "பை த கேட்" என்ற இடத்தில் ஊசி மாட்டிக்கொள்ளும். மூன்று முறை அதையே சொல்லும். அப்பா விரலால் லேசாகத் தட்டுவார். ஊசி ஒரு தாவு தாவிக் கடைசிச் சரணத்தில் போய் விழும். பிதா, சுதன், பரிசுத்த ஆவி, மூன்றுக்கும் சொல்லிவிட்டுத்தான் உங்கள் அப்பா தட்டுவார் என்று அம்மா கேலி செய்வாள். ஊரெல்லாம் பாட்டே அப்படித்தான் என்று நினைத்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

3

ஐரிஸ் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். தலை வாரும்போது ஒரு துண்டு, காலுறை மாட்டும்போது ஒரு துண்டு.

அவர் அம்மா பஞ்சு மில்லில் வேலை பார்த்தவர். இதைக் கேட்டதும் எனக்குப் பாதி சொந்தமாகிவிட்டார், ராஜபாளையத்தில் மில் சங்கைக் கேட்டுத்தானே நாங்கள் பள்ளிக்கூடம் போனோம். மில் சாப்பாட்டுக் கூடத்தில் பாடிய ஐரிஸை நடன இசைக் குழு ஒன்று பதினாறு வயதில் கூட்டிப்போனது. நீளமான கவுன், பின்னால் வயலின்காரர்கள் வரிசை, அசையாமல் நின்று பாட வேண்டும். கையை இடுப்புக்கு மேல் தூக்கினால் குழுத் தலைவர் முறைப்பார். ஐம்பதுகளில் ரேடியோவில் பாடினார், ரெக்கார்டு வந்தது. நான் இப்போது இருக்கும் ஊரில் கடலுக்குள் நீட்டிக் கட்டிய மேடையின் முனையில் ஒரு நாடகக் கொட்டகை இருக்கிறது. ஒவ்வொரு கோடையிலும் அங்கே அவர் கச்சேரி. சீட்டுக் கிடைக்காதவர்கள் வெளியே மழையில் நின்று கேட்டார்களாம்.

பிறகு கிடார் பையன்கள் வந்தார்கள். ஐரிஸ் அவர்களைத் திட்டவில்லை, பையன்கள் நன்றாகத்தான் பாடினார்கள் என்றார். ஆனால் அவருக்குக் கச்சேரி ஏற்பாடு செய்துகொடுத்தவர் பாவாடையைக் குட்டையாக்கு, கொஞ்சம் கத்து என்றார். மாட்டேன் என்று ஐரிஸ் சொல்லிவிட்டார். கப்பலில் பாடினார். தொழிலாளர் மன்றங்களில் பாடினார். ஒரு மன்றத்தில் அந்தப் பாட்டின் உச்சிக்குப் போகும் நேரத்தில் ஒருவர் வந்து மைக்கைப் பிடுங்கி, சாப்பாடு வந்துவிட்டது, வரிசையாக வாருங்கள் என்று அறிவித்தார். கூட்டம் எழுந்து போய்விட்டது. ஐரிஸ் மேடையிலிருந்து இறங்கிக் கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அதன்பிறகு திரைச்சீலைக் கடையில் இருபத்தைந்து வருஷம் வேலை. ஒரு வரிகூட வெளியே பாடவில்லை.

"சில வருஷம்தான் இருந்தேன்," என்றார். "பிறகு என் பாட்டை யாரும் கேட்கவில்லை."

எனக்கு ஆத்திரமே வந்துவிட்டது. யார் சொன்னது யாரும் கேட்கவில்லை என்று? கல்யாணத்துக்குக் கல்யாணம் கேட்டோம், மரத்து உச்சியிலிருந்து கேட்டோம் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் நம்பவில்லை. கிழவியைச் சந்தோஷப்படுத்தச் சம்பளம் வாங்குகிறாய் என்றார். நான் சீப்பைக் கீழே வைத்துவிட்டுப் பாடினேன். பை த கேட், பை த கேட், பை த கேட், உடனே ஒரு தாவு.

ஐரிஸ் வாயைப் பிளந்து பார்த்தார். "என் உயரமான வரி எங்கே?"

அப்படி ஒரு வரி இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ஆடு முட்டியதையும் அப்பா விரலால் தட்டுவதையும் சொன்னேன். பாட்டின் பொருளையும் அன்றுதான் சொன்னார். காதலன் வேறொருத்தியைக் கட்டிக்கொள்கிறான், சர்ச் மணி அடிக்கிறது, இவள் வாசல் கதவோரம் நின்று பார்க்கிறாள். அந்த மணி எனக்காக அடிக்கவில்லை என்று உச்சியில் இழுப்பதுதான் ஊசி தாவிய வரி. இதையா கல்யாணம் கல்யாணமாகப் போட்டோம் என்று அம்மாவுக்குப் போன் செய்து கேட்டேன். கல்யாண வீட்டில் யாராவது ஒருத்தி அழத்தானே செய்வாள் என்று அம்மா அலட்டிக்கொள்ளாமல் சொன்னாள்.

4

மாசியில், அந்தக் கடல்மேடைக் கொட்டகையைச் செப்பனிட்டுத் திரும்பத் திறக்கப்போவதாக அழைப்பு வந்தது. ஐரிஸ் சிறப்பு விருந்தினர். நான் துள்ளாத குறை. வந்த இரண்டு இளைஞர்கள் திட்டத்தை விளக்கினார்கள். பழைய ரெக்கார்டு ஓடும், ஐரிஸைச் சக்கர நாற்காலியில் மேடைக்குக் கொண்டுவருவார்கள், அவர் கையை ஆட்டினால் போதும்.

"நான் பாடுவேன்," என்றார் ஐரிஸ்.

அவர்கள் மிக அன்பாகச் சிரித்தார்கள். சிரமப்படுத்திக்கொள்ள வேண்டாம், அந்த உயரமான வரியை மக்கள் ஞாபகம் வைத்திருப்பார்கள், அது வராமல் போனால் சங்கடம் என்றார்கள். இந்த நாட்டில் முடியாது என்று யாரும் முகத்துக்கு நேராகச் சொல்வதில்லை, உங்கள் நன்மைக்காக என்றுதான் சொல்வார்கள். விசா அலுவலகத்திலிருந்து பள்ளிக்கூடம் வரை அந்தச் சொல்லை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். கேட்டதும் காது சூடாகிவிடும்.

அவர்கள் போனபிறகு ஐரிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார். சாவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை, என் தொண்டையால், பாட்டைக் கேட்க வந்தவர்கள் முன்னால், நடுவில் யாரும் மைக்கைப் பிடுங்காமல் பாடி முடிக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறேன் என்றார். அதன்பிறகு எனக்கும் அதுதான் வேலை என்று ஆகிவிட்டது.

என் மகள் ரூத்துக்குப் பதினாறு வயது. நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்வாள், அதுவும் தோளைக் குலுக்கிக்கொண்டு. ஊரைப் பற்றி நான் வாயெடுத்தால் காதில் ஒயரை மாட்டிக்கொள்வாள். ஆனால் பியானோ நன்றாக வாசிப்பாள். சனிக்கிழமைகளில் இழுத்துக்கொண்டு வந்து இல்லத்துக் கூடத்துப் பியானோவில் உட்கார வைத்தேன். ஐரிஸ் பாடினார். கீழ்ச்சுருதியில் குரல் இன்னும் கனமாக, நல்ல வெல்லப்பாகு மாதிரி வந்தது. உயரமான வரியில் வெறும் காற்றுத்தான் வந்தது. அடுத்த சனிக்கிழமையும் காற்றுத்தான். ரூத் இரண்டு கட்டை இறக்கி வாசித்துப் பார்த்தாள். அது வேறு பாட்டு என்று ஐரிஸ் பியானோவின் மூடியைத் தட்டினார். அந்த வரியை விட்டுவிட்டுப் பாடலாமே என்றேன். அப்படிப் பாடினால் பாடத் தெரியாமல் விட்டேன் என்றுதான் இந்த ஊரில் எல்லோரும் நினைப்பார்கள் என்றார்.

சித்திரையில் கொட்டகைக்காரர்களுக்குப் பதில் சொல்லி அனுப்பினார். பாட விட்டால் வருகிறேன், கையாட்ட வேறு யாரையாவது பாருங்கள். அவர்கள் வேறு யாரையோ பார்த்துக்கொண்டார்கள். ஐரிஸ் அன்று இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை. ஆனாலும் மறுநாள் காலை குளியலறையில் குரலைப் பழக்கிக்கொண்டுதான் இருந்தார்.

5

அப்பாவுக்குப் பிறகு மைக் செட்டைத் தம்பி ராஜன் பார்க்கிறான். இப்போது பாக்ஸ் ஸ்பீக்கர், லேப்டாப். வெள்ளைக்காரம்மா பாட்டுக்கு மட்டும் பழைய கிராமபோனை எடுத்துப்போவான். போன வருஷம் வண்டியிலிருந்து இறக்கும்போது ரெக்கார்டு இரண்டாக உடைந்துவிட்டது. ஐரிஸ் யார் என்று தெரிந்ததும் நான் இணையத்தில் தேடி அதே பாட்டைச் சுத்தமான ஒலியில் அவனுக்கு அனுப்பியிருந்தேன். பெரிய உதவி செய்துவிட்ட நினைப்பில் இருந்தேன்.

வைகாசியில் அவன் போன் செய்தான். குரலில் நன்றியைக் காணோம்.

"யக்கா, நீ அனுப்புன பாட்டால என் தொழிலே போயிரும் போல. செட்டியார்பட்டில போட்டேன். ஒரு பெரியவர் வந்து, அந்தம்மா மூணு தடவ சொல்லணும்ல, அத எங்கலே வெட்டுனன்னு சட்டையப் பிடிக்காரு. நடுவுல என்னமோ புதுசா ஒரு கத்து வேற கத்துதாக, அதெல்லாம் நம்ம பாட்டுல கெடையாதுன்னு எல்லாரும் சொல்லுதாக."

அடுத்து சுந்தரபாண்டியத்தில் கல்யாணம். பெண்ணின் அம்மா ஆண்டாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேருக்கு ஒரு வருஷம் தவறாமல் வடம் பிடிக்கப் போகும் குடும்பம், முறைகளில் ஒரு நூல் பிசகினாலும் விடமாட்டார்கள். தன் கல்யாணத்தில் எப்படிப் பாடியதோ அப்படியே தன் மகள் கல்யாணத்திலும் பாட வேண்டும், இல்லாவிட்டால் வேறு செட் பார்த்துக்கொள்கிறோம் என்று கறாராகச் சொல்லிவிட்டாராம். நான் அனுப்பிய பாட்டை லேப்டாப்பில் வெட்டி, மூன்று தடவை வருமாறு ஒட்டிப் போட்டுக் காட்டினான் தம்பி. உயிரில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றேன். புத்தி இத்தனை மெதுவாக வேலை செய்யும் பெண்ணுக்கு யார் வேலை கொடுத்தார்கள் என்று இப்போது நினைக்கிறேன். உயரமான வரி இல்லாத பாட்டைத்தான் அவர்கள் முழுப் பாட்டு என்கிறார்கள். ஐரிஸின் தொண்டையில் மிச்சமிருப்பதும் அதேதான்.

ஓடிப்போய், போன் வழியாக அந்தக் கல்யாணத்தில் நீங்களே பாடுங்கள் என்று அவரிடம் சொன்னேன். அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. கேட்பவர்கள் எத்தனை பேர், என்ன குழாய், எவ்வளவு உயரத்தில் கட்டுவார்கள் என்று விசாரித்தார். கடைசியில், "அவர்களுக்கு அந்த வரி வேண்டாமா? நிஜமாகவா?" என்று கேட்டார். வந்தால் சண்டைக்கு வருவார்கள் என்றேன். அவர் சிரித்துச் சிரித்து இருமினார்.

மேலாளர் நல்ல பெண்மணி, ஆனால் விதிமுறைகளில் பிறந்தவர். இல்லத்தில் இருப்பவரை வெளிநாட்டு நிகழ்ச்சியில் காட்டலாமா, அவருக்கு அயர்ச்சி வந்தால் யார் பொறுப்பு, மருத்துவர் ஒப்புதல் உண்டா என்று ஒவ்வொன்றாக எடுத்தார். நான் ஒவ்வொன்றுக்கும் ஆள் தேடி, கையெழுத்து வாங்கி, திரும்பத் திரும்பக் கதவைத் தட்டினேன். கடைசியாக, இது ஐரிஸின் நன்மைக்குத்தானா என்று யோசிக்க வேண்டும் என்றார். கூட வந்திருந்த ஐரிஸ் நாற்காலியை முன்னால் தள்ளிக்கொண்டு போய், என் நன்மை எனக்குத் தெரியும் என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

6

அங்கே கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலை ஐந்து மணி, இங்கே மதியச் சாப்பாட்டு நேரம். கூடத்தில் ரூத் பியானோவில் இருந்தாள். ஐரிஸ் நீல கவுன் கேட்டார். அது அவர் உடம்புக்கு இப்போது பெரிது, பின்னால் ஊக்கு குத்தினேன். அசையாமல் நிற்க வேண்டும் என்று பிடிவாதம். இடுப்பில் நான் கையைக் கொடுத்து, வெளியே தெரியாமல் பின்னால் நின்றேன்.

போன் திரையில் சுந்தரபாண்டியம் தெரிந்தது. பந்தல், வாழை மரம், வேலை செய்வதுபோல் நடக்கும் ஆண்கள். பழைய குழாய் ஒன்றை மட்டும் வேப்பமரத்தில் கட்டியிருந்தான் தம்பி. சமையல்கட்டு வாசலில் இலைக்கட்டோடு ஆட்கள் நின்றார்கள். சத்தம் போதவில்லை என்று அவன் தடுமாறியபோது, எனக்குப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "மாமா, அந்தக் குழாயைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க." என் மகள்தான். உச்சரிப்பு கோணல்மாணல். நான் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் தோளைக் குலுக்கிவிடுவாள்.

ஐரிஸ் பாடினார். அறையில் மெல்லிய குரலாக எழுந்தது, அங்கே குழாயில் விழுந்ததும் அந்தப் பழைய கரகரப்போடு தெருவெல்லாம் பரவியது. பந்தலில் பேச்சு நின்றது. எதிர்வீட்டு மாடியில் ஒரு பெண் தலையில் பூவை வைத்தபடி எட்டிப் பார்த்தாள். வாசல் கதவோர வரி வந்தது. பை த கேட். பை த கேட். பை த கேட். என் கைக்குள் அவர் இடுப்பு விறைத்தது. உச்சிக்குப் போகப்போகிறார் என்று பயந்தே போனேன். அறுபது வருஷப் பிடிவாதம் அல்லவா. ஐரிஸ் பெருவிரலால் என் புறங்கையை லேசாக ஒரு தட்டுத் தட்டினார், ஒரே தாவாகத் தாவிக் கடைசிச் சரணத்தில் இறங்கினார். அப்பாவின் விரல் அது. நான் அழுதேன், மறைக்கவில்லை.

முடிந்ததும் கைதட்டல் இல்லை. கல்யாண வீட்டில் மைக் செட் பாட்டுக்கு யார் கைதட்டுவார்கள்? ஐரிஸ் கூட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பட்டுச் சேலையில் ஆண்டாள் வேகமாக மைக் பக்கம் வந்தார். என் கைக்குள் ஐரிஸ் மறுபடி விறைத்தார், மைக்கைப் பிடுங்க ஆள் வருகிறது என்று நினைத்திருக்க வேண்டும். ஆண்டாள் மைக்கைத் தொடவில்லை. சமையல்கட்டுப் பக்கம் திரும்பிச் சொன்னார்:

"அவிய பாடி முடிச்சுட்டாக. இனி எலையப் போடுங்க."

என்ன சொல்கிறார் என்று ஐரிஸ் கேட்டார். நீங்கள் பாடி முடிக்கும்வரை சாப்பாட்டை நிறுத்தி வைத்திருந்தார்கள், இப்போதுதான் பரிமாறுகிறார்கள் என்றேன்.

அவர் உட்காரவில்லை. திரையில் இலைகள் ஒவ்வொன்றாக விரிவதைக் கடைசி இலைவரை நின்று பார்த்தார். பிறகு அடுத்த கல்யாணம் எப்போது என்று கேட்டார். ஆனியில் இருக்கிறது என்று தம்பி சொன்னான். தொண்டைக்கு வெந்நீர் கொண்டுவரச் சொல்லிவிட்டு, ரூத்தைப் பார்த்து, சனிக்கிழமை நேரத்தோடு வா என்றார்.